பால் ஒத்துக்கலையா? எங்கே, ஊதுங்க பார்ப்போம்! - ஒரு மூச்சுப் பரிசோதனையின் வரலாறு

பால் குடிச்ச ஒரு மணி நேரத்துல வயிறு உப்புது, கடமுடான்னு சத்தம் போடுது, சில நாள் பாத்ரூமுக்கு ஓட வேண்டியிருக்கு. இந்தப் புகாரோட ஓ.பி.க்கு வர்றவங்க பெரும்பாலும் ரெண்டு வகை.

முதல் வகை, "கேஸ் ட்ரபிள் சார்"னு சொல்லி வருஷக்கணக்கா காலையில வெறும் வயித்துல மாத்திரை போடுறவங்க. மாத்திரை போட்ட அரை மணியில ஒரு பெரிய டம்ளர் பாலும் உள்ளே போகும். ரெண்டாவது வகை, வீடியோ பார்த்து "எனக்கு லாக்டோஸ் இன்டாலரன்ஸ்"னு தானே தீர்ப்பு எழுதிட்டு, பாலோட சேர்த்து தயிர், மோர் எல்லாத்தையும் தள்ளி வச்சவங்க. இதுல சிலருக்கு பாலுக்கும் வயித்துக்கும் சம்பந்தமே இருக்காது.

இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க ஒரு பரிசோதனை இருக்கு. ஊசி இல்லை, ஸ்கேன் இல்லை. லாக்டோஸ் கரைச்ச தண்ணியைக் குடிச்சிட்டு, அரை மணிக்கு ஒரு தடவை ஒரு கருவிக்குள்ள ஊதணும். மூணு மணி நேரம் ஊதினா விஷயம் தெரிஞ்சிடும்.

குடல்ல நடக்கிறது மூச்சுல எப்படித் தெரியும்? அந்த யோசனை யாருக்கு, எதுக்காக வந்துச்சு? இந்தக் கதையில விண்வெளி வீரர்கள் வர்றாங்க, பீன்ஸ் கொட்டை வருது, குடலுக்குள்ள நடந்த ஒரு வெடிவிபத்து கூட வருது. கொஞ்சம் நீளமான திரெட், பொறுமையா படிங்க.

முதல்ல அடிப்படை. பாலில் இருக்கிற சர்க்கரைதான் லாக்டோஸ். ஒரு பெரிய டம்ளர் பசும்பாலில் (சுமார் 250 மில்லி) ஏறக்குறைய 12 கிராம் இருக்கும். குளுக்கோஸும் கேலக்டோஸும் கைகோத்து நிக்கிற இரட்டைச் சர்க்கரை அது. அந்தக் கையைப் பிரிச்சு விட்டாத்தான் ரத்தத்துக்குள்ள போக முடியும். பிரிச்சு விடுற நொதி, சிறுகுடல் சுவர்ல இருக்கிற லாக்டேஸ்.

கைக்குழந்தைக்கு இந்த நொதி ஏராளமா இருக்கும், தாய்ப்பால்தானே உணவு. தாய்ப்பால் மறந்த பிறகு பெரும்பாலான மனிதர்களுக்கு இது படிப்படியா குறைஞ்சிடும். பூனை, எலி, நாய்னு மற்ற பாலூட்டிகளுக்கும் அப்படித்தான். பிரியாத லாக்டோஸ் பெருங்குடலுக்கு வந்து சேரும்போது தண்ணியை உள்ளே இழுக்கும், அங்கே குடியிருக்கிற பாக்டீரியாக்களுக்கு விருந்தாகும். விருந்து சாப்பிட்ட பாக்டீரியா வாயு விடும். வயிறு உப்புறதும் கடமுடாவும் வயித்துப்போக்கும் இதோட விளைவுதான்.

இன்னிக்கு நமக்கு இது சாதாரணமா தெரியுது. ஆனா 1950கள் வரைக்கும் மருத்துவ உலகத்துக்கு இது ஒரு நோயாவே தெரியலை. 1959-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆரோன் ஹோல்செலும் அவரோட சகாக்களும் லான்செட் இதழில் உடன்பிறந்த ரெண்டு குழந்தைகளைப் பத்தி எழுதினாங்க. பால் குடிக்கக் குடிக்க உடம்பு மெலிஞ்சுக்கிட்டே போன குழந்தைகள். லாக்டோஸை நிறுத்தினதும் தேறிட்டாங்க. பிறவியிலேயே லாக்டேஸ் வேலை செய்யாத அரிய குறை அது. 1963-ல் ஆரோக்கியமான பெரியவங்களுக்கும் இந்த நொதி குறைவா இருக்கலாம்னு ஸ்வீடனின் ஆர்னே டால்க்விஸ்ட் இருந்த குழுவும், இத்தாலியின் ஆரிக்கியோ குழுவும் தனித்தனியா காட்டினாங்க.

சரி, ஒருத்தருக்கு லாக்டேஸ் குறைவுன்னு அன்னிக்கு எப்படிக் கண்டுபிடிச்சாங்க? இங்கேதான் கதை கொஞ்சம் கரடுமுரடு.

1957-ல் அமெரிக்க ராணுவ மருத்துவர் வில்லியம் கிராஸ்பி ஒரு கருவியைச் செஞ்சார். பேரு கிராஸ்பி கேப்ஸ்யூல். மாத்திரை மாதிரி ஒரு சின்ன உலோக உருளை, பக்கத்துல ஒரு ஜன்னல், உள்ளே ஸ்பிரிங் போட்ட கத்தி. பின்னாடி மெல்லிய நீளமான குழாய். நோயாளி அதை முழுங்கணும். அது இரைப்பையைத் தாண்டி சிறுகுடலுக்குள்ள இறங்குற வரைக்கும் மணிக்கணக்கா காத்திருக்கணும். எக்ஸ்ரேல இடம் சரிதானான்னு பார்த்துட்டு, வெளியில இருக்கிற குழாய் முனையில சிரிஞ்சை வச்சு இழுப்பாங்க. குடல் சுவரோட ஒரு துளி ஜன்னல் வழியா உள்ளே உறிஞ்சப்படும், கத்தி சுழன்று வெட்டும். அப்புறம் கயிறு கட்டி இறக்கின வாளியை இழுக்குற மாதிரி மெதுவா வெளியே இழுப்பாங்க. அந்தத் துணுக்குல லாக்டேஸ் எவ்வளவுன்னு ஆய்வகத்துல அளப்பாங்க.

எண்டோஸ்கோப்பி பரவலாகாத காலத்துல இது பெரிய சாதனை, சந்தேகமே இல்லை. ஆனா யோசிச்சுப் பாருங்க, பால் குடிச்சா வயிறு உப்புதுன்னு வந்த ஒருத்தரை இதை முழுங்கச் சொல்ல முடியுமா? சின்னக் குழந்தைகளுக்குக் குடல் சுவர் ஓட்டையாகிற ஆபத்தும் இருந்துச்சு.

இன்னொரு வழி ரத்தப் பரிசோதனை. 50 கிராம் லாக்டோஸ் குடிக்க வச்சு, அரை மணிக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்து, குளுக்கோஸ் ஏறுதான்னு பார்க்கிறது. 20 மில்லிகிராமுக்கு மேல ஏறலைன்னா லாக்டோஸ் பிரியலைன்னு அர்த்தம். கையில நாலஞ்சு குத்து வாங்கணும். இரைப்பை மெதுவா காலியாகிறவங்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் முடிவு தப்பா வரும்.

இந்த நேரத்துல இதுக்கு ஒரு அரசியலும் வந்து சேர்ந்துச்சு. 1965-66-ல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பெட்ரோ குவாட்ரகாசஸ் குழுவும், தியோடர் பெய்லெஸ் குழுவும் அடுத்தடுத்து ஆய்வு வெளியிட்டாங்க. கறுப்பின அமெரிக்கர்களில் பெரும்பாலானவங்களுக்கு லாக்டேஸ் குறைவு, வெள்ளையர்களில் கொஞ்சம் பேருக்குத்தான் குறைவு. முதல்ல இதை ஒரு இனத்தோட "குறைபாடு"ன்னு பார்த்தாங்க. அப்புறம் தாய்லாந்துல பார்த்தா அங்கேயும் குறைவு. உலக வரைபடத்தை வச்சுக்கிட்டு உட்கார்ந்தார் ஃபிரடெரிக் சிமூன்ஸ்ங்கற புவியியலாளர். பால் கறக்குற பழக்கம் எங்கெல்லாம் பழமையோ, அங்கெல்லாம் பெரியவங்களுக்கும் லாக்டேஸ் நிலைச்சிருக்குன்னு 1969-70-ல் எழுதினார். பெரியவரான பிறகும் பாலைச் செரிக்கிறதுதான் விதிவிலக்கு. இன்னிய கணக்குல உலக மக்களில் சுமார் மூணுல ரெண்டு பங்கு பேருக்கு லாக்டோஸ் முழுசா செரிக்காது. மூணுல ரெண்டு பேருக்கு இருக்கிறதை "குறைபாடு"ன்னு பேர் வச்சது யாரு? பாடப்புத்தகம் எழுதினவங்க செரிக்கிற ஊர்ல இருந்தாங்க, அவ்வளவுதான்.

அதே காலத்துல பணக்கார நாடுகள் ஏழை நாடுகளுக்கு உதவின்னு டன் டன்னா பால் பவுடர் அனுப்பிக்கிட்டு இருந்தாங்க. கேள்வி வந்துச்சு: ஊட்டச்சத்து இல்லாத குழந்தைக்கு நாம கொடுக்கிறது மருந்தா, வயித்துப்போக்கா? 1972-ல் ஐ.நா.வின் புரத ஆலோசனைக் குழு, பால் திட்டத்தை நிறுத்த இது காரணமில்லைன்னு அறிக்கை விட்டுச்சு. 1974-ல் அமெரிக்காவுல எல்லாருக்கும் பால் அவசியம்னு வந்த கலிஃபோர்னியா பால் விளம்பரத்தை அந்த நாட்டு ஃபெடரல் டிரேட் கமிஷனே எதிர்த்துச்சு. சண்டை பெரிசு. ஆனா சண்டையைத் தீர்க்க ஆயிரக்கணக்கான பேரைப் பரிசோதிக்கணும், குழந்தைகளையும் சேர்த்து. கத்தி வச்ச மாத்திரையால அது ஆகாது.

இப்போ விண்வெளிக்குப் போவோம்.

1964 ஏப்ரலில் ஃப்ளோரிடாவின் டாம்பாவில் நாசா ஒரு மாநாடு நடத்துச்சு. தலைப்பு: விண்வெளியில் உணவும், அதனால் வரும் கழிவும். ரெண்டு மூணு பேர் வாரக்கணக்கா ஒரு அடைச்ச பெட்டிக்குள்ள இருக்கப் போறாங்க. அவங்க குடல் விடுற வாயு எங்கே போகும்? நாத்தத்தை விடுங்க. குடல் வாயுவுல ஹைட்ரஜனும் மீத்தேனும் இருக்கு, ரெண்டுமே தீப்பிடிக்கும். காத்துல ஹைட்ரஜன் 4 சதவீதத்தைத் தாண்டினாலே ஒரு பொறி போதும். சிரிப்பா இருக்கலாம், ஆனா இன்ஜினியர்களுக்கு இது நிஜமான கவலை.

இந்தக் கேள்வியை எடுத்துக்கிட்டவங்க கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வாளர் டோரிஸ் கால்லோவே. மோர்கன் ஹால் கட்டடத்தோட மேல்தளத்துல "பென்ட்ஹவுஸ்"னு ஒரு இடம். தன்னார்வலர்கள் அங்கேயே தங்கி, கொடுக்கிறதை மட்டும் சாப்பிட்டு, உள்ளே போறது வெளியே வர்றது எல்லாத்தையும் அளக்க விடணும். கூட்டாளி எட்வின் மர்ஃபி, அமெரிக்க வேளாண் துறையோட ஆய்வகக்காரர். பீன்ஸ் கொட்டை சாப்பிட்டா ஏன் வாயு வருதுங்கறதுதான் அவரோட தனிப்பட்ட ஆராய்ச்சி. எவ்வளவு பொருத்தமான ஜோடி பாருங்க.

வாயுவை வர்ற இடத்துல பிடிக்கிறது எவ்வளவு கஷ்டம்னு நான் விளக்க வேண்டியதில்லை. இவங்க எடுத்துக்கிட்டது வேற வழி. குடல்ல உண்டாகிற ஹைட்ரஜன்ல ஒரு பகுதி குடல் சுவர் வழியா ரத்தத்துல கலக்கும். ரத்தம் நுரையீரலுக்குப் போகும். ஹைட்ரஜன் ரத்தத்துல அதிகம் கரையாத வாயு, அதனால ஒரே சுத்துல கிட்டத்தட்ட மொத்தமும் மூச்சுல வெளியேறிடும். இங்கே முக்கியமான விஷயம், மனித செல் எதுவும் ஹைட்ரஜனை உற்பத்தி பண்றதில்லை. மூச்சுல ஹைட்ரஜன் இருந்தா, அது பாக்டீரியா போட்டது மட்டும்தான். நம்ம உடம்புக்குள்ள நடக்கிற வேற எந்த வேலையும் இந்தக் கணக்கைக் குழப்பாது. இப்படி ஒரு சுத்தமான அடையாளம் மருத்துவத்துல அபூர்வமா கிடைக்கும்.

மூச்சை வச்சுக் குடல் வாயுவை அளக்கலாம்னு 1968-ல் கால்லோவேயும் மர்ஃபியும் எழுதினாங்க. 1969-ல், விண்வெளிக்குன்னு தயாரிச்ச உணவைச் சாப்பிட்டவங்களுக்கு எவ்வளவு ஹைட்ரஜன், மீத்தேன் வருதுன்னு ஒரு கட்டுரை. அதே வருஷம், மூச்சை வச்சு லாக்டோஸ் ஒவ்வாமையைக் கண்டுபிடிக்கிறதைப் பத்தி இன்னொரு கட்டுரை. பீன்ஸுக்காகச் செஞ்ச கருவி பாலுக்கு உதவிடுச்சு.

அதே 1969-ல் மினசோட்டாவில் மைக்கேல் லெவிட்ங்கற குடல் மருத்துவர் தனியா இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். இவர் இன்னும் பிடிவாதக்காரர். தன்னார்வலர்களோட குடலுக்குள்ள குழாய் விட்டு, வேற ஒரு வாயுவைத் தொடர்ந்து செலுத்தி, உள்ளே ஹைட்ரஜன் எந்த வேகத்துல உண்டாகுதுன்னே கணக்குப் போட்டார். வெறும் வயித்துல நிமிஷத்துக்கு சராசரியா 0.24 மில்லி. லாக்டோஸ் கொடுத்ததும் 1.6 மில்லி. அந்த ஹைட்ரஜன்ல 99 சதவீதத்துக்கும் மேல பெருங்குடல்ல உண்டாகுது. குடல்ல உற்பத்தி ஏறினா மூச்சிலும் ஏறுது. அடுத்த வருஷம் ராபர்ட் டொனால்ட்சனோட சேர்ந்து, சர்க்கரை செரிக்காததைக் கண்டுபிடிக்க மூச்சு ஹைட்ரஜனைப் பயன்படுத்தலாம்னு எழுதினார்.

பெரும்பாலும் இந்தப் பரிசோதனையோட புகழ் லெவிட்டுக்குத்தான் போகுது. அவர் வேலைக்கு அது தகும். ஆனா கால்லோவே பேரும் பக்கத்துலயே இருக்கணும்ங்கறது என் கருத்து.

லெவிட் வாழ்நாள் முழுக்க வாயுவைத்தான் படிச்சார். 1976-ல் ஒரே ஒரு நோயாளியைப் பத்தி அவர் எழுதின கட்டுரை பிரபலம். அந்த மனுஷன் தான் விட்ட வாயுவை எல்லாம் நேரம் குறிச்சு நோட்டுல எழுதி வச்சிருந்தார், ஒரு நாளைக்கு சராசரியா 34 தடவை. தேடிப் போனா முக்கியக் குற்றவாளி பால். (உபரித் தகவல்: ஃப்ரீகனாமிக்ஸ் புத்தகம் எழுதின பொருளாதார நிபுணர் ஸ்டீவன் லெவிட் இவரோட மகன்.)

வெடிவிபத்துன்னு சொன்னேனே. கொலனோஸ்கோப்பிக்கு முன்னாடி குடலைச் சுத்தம் பண்ண ஒரு காலத்துல மானிட்டால்ங்கற சர்க்கரை வகையைக் குடிக்கக் கொடுத்தாங்க. அதுவும் செரிக்காது, பாக்டீரியா அதையும் ஹைட்ரஜனாக்கிடும். 1979-ல் பிரான்ஸ் மருத்துவர்கள் ஒரு மரணத்தைப் பதிவு செஞ்சாங்க. குடல்ல இருந்த சின்னக் கட்டியை மின்சாரத்தால வெட்டும்போது உள்ளே வாயு வெடிச்சிடுச்சு. நாசா பயந்தது வெட்டிப் பயம் இல்லைன்னு காட்டின சம்பவம். மின்சாரம் பயன்படுத்துற சிகிச்சைக்கு முன்னாடி மானிட்டால் கூடாதுன்னு சொல்றது இதனாலதான்.

மறுபடியும் மூச்சுக்கு வருவோம். 1975-ல் மேயோ கிளினிக்கில் நியூகமர் குழு எல்லா மறைமுகப் பரிசோதனைகளையும் பயாப்ஸி முடிவோட ஒப்பிட்டுப் பார்த்துச்சு. ரத்தப் பரிசோதனைகளை எல்லாம் தாண்டி மூச்சு ஹைட்ரஜன் முதல் இடம் பிடிச்சது. அதுவரைக்கும் நோயாளியோட மூச்சைத் தொடர்ந்து பிடிச்சு அளக்க வேண்டியிருந்துச்சு. 1976-ல் மெட்ஸ் குழு, மூச்சோட கடைசிப் பகுதியை மட்டும் ஒரு சின்ன மாதிரியா எடுத்தாலே போதும்னு காட்டினாங்க. இன்னிக்கும் "மெதுவா ஊதுங்க, கடைசி வரைக்கும் ஊதுங்க"ன்னு டெக்னீஷியன் சொல்றது அதுக்காகத்தான். 1977-ல் நோயல் சாலமன்ஸ், ஃபெர்னாண்டோ விட்டேரி, லைல் ஹாமில்டன் மூணு பேரும் எளிமையான வாயு அளவீட்டு முறையை வெளியிட்டாங்க. இதுல விட்டேரியும் சாலமன்ஸும் குவாத்தமாலாவில் ஊட்டச்சத்துக் குறைவான குழந்தைகளோட வேலை செஞ்சவங்க. பால் பவுடர் சண்டையில நடுவுல மாட்டின அதே மாதிரி குழந்தைகளை இனி குத்தாம, வெட்டாம பரிசோதிக்க முடிஞ்சது.

அடிப்படை அளவைவிட 20 பிபிஎம், அதாவது பத்து லட்சத்துல 20 பங்கு ஏறினா பாசிட்டிவ். இதுதான் இன்னிக்கும் அளவுகோல்.

இதோட ஓட்டைகளையும் சொல்லணும். சிலரோட குடல்ல மீத்தேன் செய்யுற நுண்ணுயிர் இருக்கும். அது நாலு ஹைட்ரஜனைத் தின்னு ஒரு மீத்தேன் விடும். ஹைட்ரஜனை மட்டும் அளக்கிற கருவி ஏமாந்துடும். அதனால நல்ல கருவிகள் ரெண்டையும் அளக்கும். சமீபத்துல ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தா பாக்டீரியா அடங்கிப் போய் பொய்யா நெகட்டிவ் வரும். சிறுகுடல்லயே பாக்டீரியா பெருகியிருந்தா பொய்யா பாசிட்டிவ் வரும். பரிசோதனை அன்னிக்குப் புகை பிடிச்சா, அந்தப் புகையிலேயே ஹைட்ரஜன் இருக்கு.

பழைய முறையில கொடுத்த 50 கிராம் லாக்டோஸ், நாலு பெரிய டம்ளர் பாலுக்குச் சமம். யாருங்க ஒரே மூச்சுல நாலு டம்ளர் பால் குடிக்கிறாங்க? இப்போ பல இடங்கள்ல 25 கிராம் கொடுக்கிறாங்க, அது கொஞ்சம் நியாயம்.

இதைவிடப் பெரிய விஷயம்: லாக்டோஸ் செரிக்கலைங்கறது வேற, பால் ஒத்துக்கலைங்கறது வேற. இதை நிரூபிச்சதும் லெவிட் குழுதான், 1995-ல். "எனக்குப் பால் சுத்தமா ஆகாது"ன்னு அடிச்சுச் சொன்ன 30 பேரை எடுத்தாங்க. மூச்சுப் பரிசோதனை பண்ணினா அதுல 9 பேருக்கு லாக்டோஸ் நல்லாவே செரிக்குது! அப்புறம் எல்லாருக்கும் ஒரு வாரம் சாதாரணப் பால், ஒரு வாரம் லாக்டோஸ் உடைச்ச பால், தினம் 240 மில்லி. ருசி வித்தியாசம் தெரியாம இனிப்பும் சேர்த்துட்டாங்க. எது எந்தப் பால்னு குடிச்சவங்களுக்கும் தெரியாது, கொடுத்தவங்களுக்கும் தெரியாது. தொந்தரவுல ரெண்டு வாரத்துக்கும் கணிசமான வித்தியாசமே இல்லை. நிஜமாவே செரிக்காத 21 பேருக்கும் அதே கதைதான். தினம் ஒரு டம்ளர் பெரும்பாலானவங்களுக்குத் தாங்கும்.

தயிர் கதை இன்னும் சுவாரஸ்யம். 1984-ல் லாக்டேஸ் குறைவான 10 பேருக்கு, பாலில் எவ்வளவு லாக்டோஸோ அதே அளவு தயிர்ல கொடுத்து ஊத வச்சாங்க. தயிருக்கு வந்த ஹைட்ரஜன் பாலுக்கு வந்ததுல மூணுல ஒரு பங்குதான். தயிர்ல உயிரோட இருக்கிற பாக்டீரியா தன்னோட நொதியையும் சுமந்துக்கிட்டு குடலுக்குள்ள வந்து லாக்டோஸை உடைச்சுக் கொடுக்குது. ஆக, பால் ஆகாதுன்னு தயிர்சாதத்தையும் மோரையும் தள்ளி வச்சவங்க, தேவையில்லாம கால்சியத்தையும் புரதத்தையும் இழக்கிறாங்க. வயசான அம்மாக்கள் இதைச் செய்யும்போது எனக்கு நிஜமாவே கவலையா இருக்கும், ஏற்கெனவே எலும்பு தேய்ஞ்சிருக்கும்.

நம்ம ஊர் நிலவரம்? 1981-ல் வந்த ஆய்வுல டெல்லியில 27.4 சதவீதம் பேருக்கு, திருவனந்தபுரம், புதுச்சேரி பக்கம் 66.6 சதவீதம் பேருக்கு லாக்டோஸ் ஒத்துக்கலை. 2010-ல் மூச்சுப் பரிசோதனை வச்சே பார்த்தாங்க. தென்னிந்தியர்களில் சுமார் 79 சதவீதம், வட இந்தியர்களில் சுமார் 57 சதவீதம் பாசிட்டிவ். அதாவது இந்தத் திரெட்டைப் படிக்கிற உங்கள்ல பெரும்பாலானவங்க ஊதினா பாசிட்டிவ்தான் வரும். காபி குடிச்சிட்டு நல்லாத்தான் இருப்பீங்க. பாசிட்டிவ்னு சீட்டு வந்தா, ஊதின மூணு மணி நேரத்துல உங்க வயித்துல அதே தொந்தரவு வந்துச்சாங்கறதையும் சேர்த்துப் பார்க்கணும். தொந்தரவே வராத பாசிட்டிவுக்குப் பாலை நிறுத்த வேண்டியதில்லை.

எல்லா அரசு மருத்துவமனையிலும் இந்தக் கருவி கிடையாது. இல்லாத இடத்துல நாங்க சொல்றது: ரெண்டு வாரம் பாலை மட்டும் நிறுத்துங்க, அப்புறம் திரும்ப ஆரம்பிங்க. ரெண்டு பக்கமும் என்ன ஆச்சுன்னு எழுதிட்டு வாங்க. ஆனா உடல் எடை குறையுது, மலத்துல ரத்தம், காய்ச்சல், ராத்திரி தூக்கத்துல எழுப்புற வயித்துப்போக்கு, ரத்தசோகை, இதுல ஒண்ணு இருந்தாலும் பால் மேல பழி போட்டுட்டு வீட்ல உட்காராதீங்க. அது வேற நோயா இருக்கலாம், உடனே காட்டுங்க.

பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருந்தா, நாலு வாரத்துக்குள்ள ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தீங்களான்னு மருத்துவர்கிட்ட சொல்லுங்க. சர்க்கரை மாத்திரை, இன்சுலின் எடுக்கிறவங்க அன்னிக்குப் பட்டினியில எப்படி எடுக்கணும்னு கேட்டுக்குங்க. முந்தின ராத்திரி பருப்பு, பயறு, கிழங்கு, பீன்ஸ் வேண்டாம். சப்பாத்தியும் வேண்டாம். கோதுமை, ஓட்ஸ், உருளைக்கிழங்கு, சோளம் எல்லாத்துலயும் மாவுச்சத்து கொஞ்சம் செரிக்காம பெருங்குடலுக்குப் போய் ஹைட்ரஜன் விடுதுன்னு 80கள்ல லெவிட் குழு அளந்து பார்த்துச்சு. அரிசி மட்டும் கிட்டத்தட்ட முழுசா செரிச்சுடுச்சு, ஹைட்ரஜன் ஏறவே இல்லை. அதனால சுகருக்காக தினம் ராத்திரி சப்பாத்தி சாப்பிடுறவங்க கூட அன்னிக்கு ஒரு நாள் அளவா வெள்ளைச் சோறு சாப்பிட்டுட்டு வாங்க, சாம்பார் ஊத்தாம.